முகநரம்பு வலி: மாத்திரையா, ஊசியா, கதிரா, கத்தியா?

கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று ஒரு வலி. ஒரு நொடி, மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல முகம் சும்மா இருக்கும். பல் துலக்கினால் வரும், சோறு மென்றால் வரும், பேசினால் வரும், ஷேவ் செய்தால் வரும். நீலகிரியில் இருப்பவர்களுக்குக் காற்று பட்டாலே வரும். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போதும், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையிலும் இவர்கள் படும் பாட்டைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஐந்தாம் நரம்பு நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என மூன்றாகப் பிரிகிறது. பெரும்பாலும் தொல்லை கீழ் இரண்டு கிளைகளில்தான். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்குக் கூடுதலாக வரும். எங்கள் குன்னூர் வீட்டில் அம்மாவுக்கு வந்தது. அபூர்வமான வியாதிதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால், "இதே மாதிரி இன்னொருத்தருக்கும் இருக்கே" என்று யாராவது ஆள் காட்டிவிடுவார்கள். அப்படித் தெரியவந்தவர் கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப்போகும் பிக்கப் டிரைவர் அண்ணன். அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது, பிரஷர் உண்டு. அண்ணனுக்கு 50 ஆகவில்லை, வேறு வியாதி எதுவும் இல்லை. வலி ஒன்றுதான், வைத்தியம் மட்டும் ஒன்றாக அமையவில்லை.

எது சிறந்த வைத்தியம் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எந்த நியூரோ டாக்டரும் நேராகப் பதில் சொல்லமாட்டார். ஒவ்வொன்றும் வலியை வாங்கிக்கொண்டு பதிலுக்கு வேறு எதையோ கையில் கொடுக்கிறது. மாத்திரை தலைசுற்றலைக் கொடுக்கும், ஊசி மரத்துப்போன கன்னத்தைக் கொடுக்கும், ஆபரேஷன் ஒரு தடவை உயிர்பயத்தைக் கொடுக்கும். நமக்கு எதைத் தாங்க முடியும், மலையில் இருந்துகொண்டு எதைச் சமாளிக்க முடியும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வைத்தியத்தை ஒப்பிடுவதற்கு முன் வியாதி இதுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். முதலில் எல்லோரும் பல் வலி என்றுதான் நினைப்பார்கள். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்ட கதை இந்த வியாதிக்காரர்களிடம் நிறைய கிடைக்கும், அம்மாவிடமும் ஒன்று உண்டு. பல் வலி மணிக்கணக்கில் விண்விண்ணென்று தெறிக்கும், ராத்திரி தூங்கவிடாது. இது அப்படியல்ல. விட்டுவிட்டு அடிக்கும், நடுவில் வலியே இருக்காது, தூக்கத்தில் பெரும்பாலும் வராது. சில மாதம் காணாமல் போய்த் திரும்பவும் வரும். தொட்டால் அடிக்கும் ஓர் இடம் முகத்தில் இருக்கும். அம்மாவுக்கு அது வலது மூக்கின் ஓரம், சரியாக மூக்குத்தி இருக்கும் இடம். மூக்குத்தியைத் திருகிக் கழற்ற முடியாமல், சுற்றிலும் சோப்பும் அழுக்கும் சேர்ந்து கறுத்துப்போய், ஒரு விரல் அருகில் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எந்த ஸ்கேனையும் விட அந்த மூக்குத்தியைப் பார்த்துத்தான் டாக்டர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

ஸ்கேனும் வேண்டும்தான். எம்.ஆர்.ஐ. எடுப்பது வேறு கட்டி, நரம்பு உறை அழியும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற காரணம் இல்லை என்று பார்க்கவும், நரம்பு மேல் ரத்தக்குழாய் உரசுகிறதா என்று பார்க்கவும். சாதாரண மூளை ஸ்கேனில் இந்த உரசல் சரியாகத் தெரியாது. ஐந்தாம் நரம்புக்கென்று மெல்லிய துண்டுகளாக எடுக்கும் முறை இருக்கிறது, மெஷினைப் பொறுத்து ஃபியஸ்டா அல்லது சிஸ் என்பார்கள். சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று மலை இறங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்ப ஒருமுறை பர்லியாறு வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும், திரும்பவும் பணம் கட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நரம்பு வலி என்றாலே எல்லாம் ஒன்றல்ல. சர்க்கரை வியாதியில் பாதம் எரிவதும் நரம்பு வலிதான். அதற்கு ப்ரீகாபாலின், டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் கேட்கும், மண்டையைத் திறக்கும் பேச்சே கிடையாது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைந்து கால் மரத்துப்போவதும் உண்டு. அவர்களுக்கு பி12 ஊசி போடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஊரில் எந்த வலிக்கும் 'நரம்பு ஊசி' என்று சிவப்பாக ஒன்றைப் போட்டு அனுப்புகிறார்களே, அது இந்த முகநரம்பு வலியைத் தொடாது. பாராசிட்டமால், புரூஃபென் வகையறாவும் அப்படியே.

நீலகிரித் தைலத்தையும் விண்டர்கிரீன் எண்ணெயையும் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் கடைக்குக் கடை விற்கிறது, முதுகுக்கும் முட்டிக்கும் தேய்த்தால் இதமாகத்தான் இருக்கும். முகநரம்பு வலிக்குத் தேய்க்கும் கையே எதிரி. தொட்டால் அடிக்கும் இடத்தில் போய்த் தேய்ப்பதா? தவிர, பிரச்சினை தோலில் இல்லை, காதுக்குப் பின்னால் மண்டைக்குள் இருக்கிறது. விண்டர்கிரீனில் இருப்பது மெத்தில் சாலிசிலேட். கண்ணருகே பட்டால் எரித்துவிடும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைப் பூசிப்பூசி ரத்தக்கசிவில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் இதைவிட எவ்வளவோ மேல். காற்று படாமல் காக்கின்றன, காசும் கம்மி.

சரி, மருந்துக்கு வருவோம். கார்பமசெப்பின். வலிப்பு நோய்க்காக வந்த மாத்திரை. 1962இல் இந்த முகவலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது அசந்துபோனார்கள். இன்றைக்கும் முதல் மருந்து அதுதான். டெக்ரிட்டால், மசெட்டால், செப்டால் என்று பல பெயரில் கடையில் கிடைக்கும். விலை பெரிய சுமை இல்லை, அரசு மருத்துவமனையில் வலிப்பு மாத்திரைகளோடு வைத்திருப்பார்கள். வழக்கமாக 100 மில்லிகிராம் காலை, இரவு என்று தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஒரு நாளைக்கு 1200 வரை போவதுண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் சில நாளிலேயே வலி அடங்கும். மற்ற வலி மாத்திரை எதற்கும் மசியாத வலி இதற்கு அடங்குவதே வியாதி இன்னது என்பதற்குப் பாதி சாட்சி என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு.

பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கிறது. தூக்கம், தலைசுற்றல், நடை தள்ளாடுவது, இரட்டையாகத் தெரிவது. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இது மத்தியானம் ஒரு தூக்கத்தோடு போய்விடும். மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகளில் விடியுமுன் லோடு வண்டி இறக்கும் அண்ணனுக்கு? மாத்திரையின் அளவு ஏறிய ஒரு நாள் எதிரே வந்த பஸ் இரண்டாகத் தெரிந்ததாம். "வலியோட கூட ஓட்டிடலாம் தம்பி, இதோட ஓட்ட முடியாது" என்றார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாத்திரையைப் பாதியாக வெட்டிக்கொண்டார், வலி திரும்பிவிட்டது. தேயிலைச் சரிவில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். மட்டமான தரையில் நடப்பவருக்குத் தாங்கக்கூடிய தள்ளாட்டம் சரிவில் நிற்பவருக்குத் தாங்காது.

அம்மாவுக்கு வந்த தொந்தரவு வேறு. கார்பமசெப்பின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். பிரஷருக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் வயதானவர்களுக்கு அது இன்னும் வேகமாகக் குறையும். பேச்சு குழறும், ஆள் ஒரு மாதிரி மந்தமாகிவிடுவார், விழுந்தும் வைப்பார். வீட்டில் இருப்பவர்கள் "வயசாகிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். வயசில்லை, சோடியம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மலையிலேயே செய்துகொள்ளலாம். டாக்டர் அம்மாவின் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், ஆள் தெளிந்துவிட்டார். ஆக்ஸ்கார்பசெப்பின் என்று இதன் தம்பி மருந்து ஒன்று இருக்கிறது. தலைசுற்றல் அதில் கொஞ்சம் குறைவு, ஆனால் சோடியத்தை இன்னும் கூடுதலாக இறக்கும். ஆகவே அண்ணனுக்கு அதை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. பேக்லோஃபென், லமோட்ரிஜின் எல்லாம் அடுத்த வரிசை, துணைக்கு வரும்.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்னும் தோல் உரியும் ஆபத்தின் தொடக்கமாக இருக்கலாம். ஆசியர்கள் சிலரிடம் இருக்கும் ஒரு மரபணு வகை இதற்குக் காரணமாகிறது, முன்கூட்டியே அதற்குப் பரிசோதனையும் செய்யலாம். இந்த அவசரம் தவிர வேறு எதற்காகவும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபடும் ஊரில் கையில் பதினைந்து நாள் மாத்திரை இருப்பு வைப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி.

மாத்திரையோடு வாழ்க்கை முழுக்க ஓட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அளவு ஏறிக்கொண்டே போய், வலியும் போகாமல் புத்தியும் மந்தமாகும் கட்டம் வந்தால் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், முதல் மாத்திரை தடுமாறும்போதே நியூரோ சர்ஜனை ஒருமுறை பார்த்துவிடலாம். பார்த்தால் கத்தியைத் தூக்கிவிடுவார் என்று பயந்து பல வருடம் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம்.

ஊசி வழிக்கு வருகிறேன். உதட்டோரத்துக்குச் சற்றுத் தள்ளிக் கன்னத்தில் ஊசியை நுழைத்து, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மண்டையோட்டின் அடியிலுள்ள ஓர் இயற்கைத் துளை வழியாக நரம்பு முடிச்சுக்குப் போவார்கள். அங்கே போய் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மூன்று வகை. ரேடியோ அதிர்வலையால் சூடேற்றிச் சுடுவது ஒன்று. கிளிசரால் விடுவது இன்னொன்று. இது 1981இல் சுவீடனில் வந்தது, வேறு காரணத்துக்காகக் கிளிசராலைச் செலுத்தப்போய்த் தற்செயலாக வலி போனதைக் கண்டார்கள். சின்ன பலூனை ஊதி நரம்பை அழுத்துவது மூன்றாவது. மூன்றிலுமே நரம்பைக் கொஞ்சம் காயப்படுத்தித்தான் வலியை நிறுத்துகிறார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் செய்யலாம், பலன் அன்றைக்கே தெரியும்.

சூடேற்றும் முறையில் நடுவில் நோயாளியை எழுப்பி "இங்கே தொட்டால் தெரிகிறதா" என்று கேட்டு இடம் பார்ப்பார்கள். அதனால் வலிக்கும் கிளையை மட்டும் குறிவைக்க முடிகிறது. துருக்கியில் 1600 பேரை 25 வருடம் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. கிட்டத்தட்ட எல்லோருக்குமே உடனடியாக வலி போனது. ஒரே தடவை செய்துகொண்டவர்களில் 5 வருடம் கழித்தும் வலியில்லாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய 58 விழுக்காடு. வலி திரும்பினால் திரும்பச் செய்யலாம்.

பதிலுக்குக் கிடைப்பது மரத்துப்போன முகம். சின்ன விஷயம் போலத் தோன்றும். மலையில் அடிக்கொரு தடவை கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கும் நமக்கு உதட்டின் ஒரு பக்கம் சுடுவது தெரியாது. டம்ளரை மறுபக்கமாக வைத்துக் குடிக்கப் பழக வேண்டும். கன்னத்தின் உட்சதையைக் கடித்துக்கொண்டதே தெரியாமல் புண்ணாகும். சோற்றுப் பருக்கை வாயோரத்தில் ஒட்டியிருந்தால் மற்றவர் சொல்லித்தான் தெரியும். நெற்றிக் கிளையும் சேர்ந்து மரத்துவிட்டால் கண்ணுக்கே ஆபத்து. தூசியோ விறகடுப்புப் புகையோ விழுந்தது தெரியாமல் கருவிழியில் புண் வந்துவிடும். கண் சிவந்தால் வலிக்காவிட்டாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். நெற்றிக் கிளையில் வலி உள்ளவர்களுக்குப் பலூன் முறை ஓரளவு பாதுகாப்பு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், கண்ணின் உணர்ச்சி அதில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் மெல்லும் தசை சில மாதம் தளர்ந்துபோகும். மிக அரிதாக, மரத்த இடமே ஓயாமல் எரிச்சலாய் வலிக்கும் நிலை வருவதுண்டு. அதற்கு நல்ல மருந்து கிடையாது. டாக்டர் இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

காமா நைஃப் என்று பெயர் இருந்தாலும் அதில் கத்தி கிடையாது. மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் நரம்பின் வேர்மீது கதிர்வீச்சைக் குவிக்கிறார்கள். மண்டையைத் திறப்பதில்லை, முழு மயக்கம் இல்லை, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஒத்துவரும். குறை என்னவென்றால் பலன் உடனே வராது. சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம், அதுவரை மாத்திரை தொடரும். சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் முடியாமல் துடிப்பவருக்கு அது ஆகாது. 10 வருடக் கணக்கில் பார்த்தால் மாத்திரையே இல்லாமல் வலியின்றி இருப்பவர்கள் பாதிக்கும் கீழே. பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்த வசதி இருக்கிறது. முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போக வேண்டும், இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூரில் ரோடு அடைப்பு. ஒரு தடவை செய்து முடித்தால் திரும்பத் திரும்பப் போக வேண்டியது குறைவு என்பது இதன் வசதி. எங்களுக்கு இது பொருந்தவில்லை, அதனால் இவ்வளவோடு விடுகிறேன்.

கடைசியாகக் கத்தி. மைக்ரோவாஸ்குலர் டீகம்ப்ரஷன், சுருக்கமாக எம்.வி.டி. இந்த நான்கில் வலியின் காரணத்தையே சரிசெய்யப் பார்ப்பது இது ஒன்றுதான். பெரும்பாலானோருக்கு மூளைத்தண்டின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் ஐந்தாம் நரம்பின் வேரில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் இடித்து இடித்து, ஒயரின் ரப்பர் தேய்வது போல நரம்பின் உறையைத் தேய்த்துவிடுகிறது. காதுக்குப் பின்னால் எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, குழாயை நகர்த்தி நடுவில் டெஃப்ளான் பஞ்சை வைப்பார்கள். அமெரிக்க சர்ஜன் பீட்டர் ஜெனட்டா 1960களின் கடைசியில் இதை நிலைநிறுத்தினார். அவருடைய குழு செய்த ஆபரேஷன்களின் கணக்கு 1996இல் வந்தது. 1185 பேர். 10 வருடம் கழித்து 70 விழுக்காட்டினர் மாத்திரையே இல்லாமல் வலியில்லாமல் இருந்தார்கள். வலி திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே திரும்பியது. இறந்தவர்கள் இரண்டு பேர். அந்தப் பக்கக் காது கேளாமல் போனது சுமார் 1 விழுக்காட்டினருக்கு.

இரண்டு பேர் இறந்ததைப் படித்தவுடன் பயம் வருவது இயல்பு. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் இரண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கவாதம், மூளைத் தண்ணீர் கசிவு, தொற்று இவையும் உண்டு. கைப்பழக்கம் உள்ள சர்ஜனிடம் இவை குறையும், ஆகவே "வருடத்துக்கு எத்தனை எம்.வி.டி. செய்கிறீர்கள்" என்று கூச்சப்படாமல் கேட்கலாம். ஸ்கேனில் ரத்தக்குழாய் நரம்பை நன்றாக அழுத்துவது தெரிந்தால், அதிலும் தமனியாக இருந்தால், பலன் நிற்கும் வாய்ப்பு அதிகம். விட்டுவிட்டு அடிக்கும் வலிக்கு நன்றாகக் கேட்கும், எந்நேரமும் மந்தமாக எரிந்துகொண்டே இருக்கும் வலிக்கு அவ்வளவாகக் கேட்காது.

அம்மாவுக்கும் இதைச் செய்திருக்கலாமா? வயது மட்டுமே தடை இல்லை, உடம்பு திடமாக இருந்தால் 70க்கு மேலும் செய்கிறார்கள். ஆனால் அம்மாவின் ஸ்கேனில் உரசல் தெளிவாகத் தெரியவில்லை, மாத்திரை குறைந்த அளவிலேயே கட்டுப்பட்டுவிட்டது. "மண்டையெல்லாம் திறக்க வேண்டாம்ப்பா, தூக்கம் வந்தா தூங்கிட்டுப் போறேன்" என்றார். மாத்திரை போதாமல் போகும் நாள் வந்தால் ஊசி என்று பேசி வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு நிலைமை தலைகீழ். ஸ்கேனில் தமனி நரம்பை வளைத்தே விட்டிருந்தது, மாத்திரையோடு வண்டி ஓட்ட முடியாது, ஓட்டாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஊசி போட்டுக்கொண்டால் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டிவரலாம், 50 வயதுகூட ஆகாதவருக்கு அது நீளமான கணக்கு. அவருக்கு நான் எம்.வி.டி. பக்கம்தான் நிற்பேன், அவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார்.

எங்கே செய்துகொள்வது என்பது அடுத்த கேள்வி. ஊட்டியில் 700 படுக்கையோடு புது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல் திறந்தாயிற்று. மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் முன்போல எல்லாவற்றுக்கும் இறங்க வேண்டியதில்லை. மூளை ஆபரேஷன் என்று வந்தால் கோவைதான் பக்கம். அங்கே அரசு மருத்துவமனையிலும் நியூரோ சர்ஜரி பிரிவு இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை வரம்பு. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் எல்லா ஆபரேஷனும் சேராது. அட்டையோடு போய் அந்த மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் ஆபரேஷன் பெயரைச் சொல்லிக் கேட்டு, ஒப்புதல் வந்த பிறகு அட்மிட் ஆவது நல்லது.

அண்ணன் தேதி குறிக்கும்போது முதலில் பார்த்தது காலண்டரில் மழையைத்தான். அக்டோபர், நவம்பரில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று தெரியாது, ஆகவே பிப்ரவரிக்குத் தள்ளினார். உறைபனியும் அதற்குள் ஓய்ந்துவிடும். ஆபரேஷன் முடிந்தவுடன் மலை ஏறிவிடக் கூடாது என்பதில் மட்டும் சர்ஜன் கறாராக இருந்தார். தையல் பிரிக்கும்வரை மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் இருக்கப்போகிறார். மூக்கிலிருந்தோ தையலிலிருந்தோ தெளிந்த தண்ணீர் சொட்டினாலும், கழுத்து விறைத்துக் காய்ச்சல் வந்தாலும் உடனே திரும்ப வரச்சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து கோவை சமதரை ரோடு, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். வலி நின்றாலும் மாத்திரையை அன்றைக்கே தூக்கிப்போடக் கூடாது, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அது முழுக்க நின்று, தலை சுற்றாமல் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஸ்டீயரிங். அதுவரை பிக்கப்பை ஓட்ட மச்சானிடம் பேசி வைத்திருக்கிறார்.